வீட்டில் படிக்கும் பிள்ளைகளை யார் கணக்கெடுப்பது?

கடந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு முற்பகல். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஓர் ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். கையில் ஒரு பதிவேடு. தோளில் வியர்வையில் நனைந்த பை. பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். கூடத்தில் என் மகன் மின்கட்டண அட்டையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மகள் சாளரத்தின் அருகே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிக்கிறாங்க மேடம்?”

“பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே படிக்கிறார்கள்.”

அவர் கோபப்படவில்லை. மகளிடம் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார்; வாசித்ததைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். மகனுக்கு ஒரு கழித்தல் கணக்குக் கொடுத்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: “நல்லாத்தான் படிக்கிறாங்க. ஆனா, ரெண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் ஷெட்ல பதினோரு வயசுப் பையன் வேலை செய்யறான். ‘ஸ்கூலுக்கு அனுப்புங்க, அதுதான் சட்டம்’னு அவங்க அப்பாகிட்ட இப்பத்தான் சொல்லிட்டு வரேன். நாளைக்கு அவர் உங்க வீட்டைக் காட்டிக் கேட்டா, நான் என்ன பதில் சொல்லட்டும்?”

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் எந்தப் பெற்றோரும் தவிர்க்க முடியாத கேள்வி அது. வீட்டுவழிக் கல்வி எப்படி நடக்கிறது, சட்டம் அதை எங்கே நிறுத்தியிருக்கிறது, அதன் குறைகள் என்ன என்பதைச் சொல்லிவிட்டு அந்தக் கேள்விக்குத் திரும்புவதே முறை.

தொடங்கிய விதம்

நாங்கள் எந்தக் கொள்கையையும் முன்வைத்துத் தொடங்கியவர்கள் அல்லர். 2020 மார்ச்சில் கரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது மகள் ஒரு தனியார் பள்ளியில் முதல் வகுப்பை முடிக்கும் நிலையில் இருந்தாள். மெதுவாக எழுதுகிறாள், வகுப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று அந்த ஆண்டு முழுவதும் பள்ளியிலிருந்து குறிப்பு வந்துகொண்டிருந்தது. வீடடங்கிய மாதங்களில் அவசரப்படுத்த யாரும் இல்லாமல் போகவே, அவள் எழுத்துக் கூட்டுவதை விட்டுத் தொடர்ந்து வாசிக்கத் தொடங்கினாள். 2021 நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, ‘இன்னும் ஓராண்டு பார்ப்போம்’ என்று நிறுத்திக்கொண்டோம். அந்த ஓராண்டு இன்றுவரை நீண்டிருக்கிறது. இளையவன் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கிண்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்த நான் வேலையை விட்டேன். கணவரின் ஒரே ஊதியத்தில் குடும்பம் நடக்கிறது. வீட்டுவழிக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒருவருடைய முழு வருமானம்தான் அதன் கட்டணம்; பெரும்பாலும் அதைச் செலுத்துபவர் தாய். வீட்டில் ஒருவர் படித்திருக்க வேண்டும், அவர் வேலைக்குப் போகாமலும் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் பொருந்தும் குடும்பங்கள் எத்தனை? இது எல்லோருக்குமான வழி அன்று என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

ஒரு நாளின் நடப்பு

காலை எட்டு மணி முதல் பத்தரை வரை எங்கள் வீட்டில் மாறாத நேரம்: கணிதம், தமிழ், ஆங்கிலம். அடிப்படை நூல்கள் தமிழ்நாடு அரசின் பாடநூல்களே. அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தரமும் நன்று. அதன்பின் நாள் எப்படி விரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் கணக்கிடுவது மகனின் பொறுப்பு. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை, அதற்குமேல் அடுக்கடுக்காக உயரும் என்பதை அவன் பெருக்கல் வாய்ப்பாட்டை முழுதாகக் கற்பதற்கு முன்பே தெரிந்துகொண்டான். குளிர்சாதனப் பெட்டியின் கதவை யார் திறந்துவைத்தாலும் இப்போது அவன்தான் குரல் கொடுக்கிறான்.

இந்தப் பகுதியில் வாழ்வது எங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படும் பல்லாவரம், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சில நிறுத்தங்கள்தான். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கேதான் பழைய கற்கால மனிதர் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். அவருடைய சேகரிப்பு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலையில் பல்லாவரத்துக் குன்றுகளைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் எழும்பூரில் கற்கருவிகளின் முன் நின்ற நாளை என் பிள்ளைகள் மறக்கவில்லை. மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில், படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல் வளைந்த கருவறையைச் சுற்றிவந்து அளந்தபோதுதான் அரைவட்டத்தின் சுற்றளவு என்பது மகளுக்கு விளங்கியது.

மழைக்காலம் இன்னொரு பாடம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மொட்டை மாடியில் நேர்ச்சுவர் கொண்ட பாத்திரத்தை வைத்து நாள்தோறும் மழையை அளப்பார்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் கரைகளில் நடந்து, உபரிநீர் எந்தப் பக்கம் போகிறது, வழியில் எது அடைத்து நிற்கிறது என்று வரைபடத்தில் குறிப்பார்கள். அந்த நீர் சென்றுசேரும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏன் மூழ்கின என்று மகள் கேட்டபோது, அடையாற்றின் போக்கை வரைந்துதான் விடை தேட வேண்டியிருந்தது.

சறுக்கிய இடங்கள்

இவ்வளவும் உண்மை. ஆனால், இவை மட்டுமே உண்மை அல்ல. எதுவும் நடக்காத வாரங்கள் உண்டு. மாமியார் மருத்துவமனையில் இருந்த ஒரு மாதம் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன்னால்தான் வளர்ந்தார்கள். பள்ளியில் ஓர் ஆசிரியர் வராவிட்டால் இன்னொருவர் வருவார்; வீட்டில் நான் படுத்தால் பள்ளியே படுத்துவிடும்.

இதைவிடப் பெரிய சறுக்கல் கணிதத்தில் நேர்ந்தது. ஆர்வம் இருக்கும் இடத்துக்குப் போவது என்ற எங்கள் வழக்கத்தில், ஆர்வம் இல்லாத இடங்கள் கண்ணுக்குத் தெரியாமல் விடுபட்டுப் போயின. மகளுக்குப் பதினொரு வயதானபோது, பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க அவளுக்குத் தெரியவில்லை என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். வடிவங்களை அளந்தவள், மழையைக் கணக்கிட்டவள், தெரிந்திருக்க வேண்டியதைத் தவறவிட்டிருந்தாள். அவள்மேல் குற்றம் இல்லை. அதைச் சோதித்துப் பார்க்க என்னைத் தவிர வேறு எவரும் இல்லை. நானோ என் பிள்ளையை நம்ப விரும்பும் தாய். வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண் ஏன் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

பழக்கவழக்கம் பற்றிய கேள்வியும் ஓயாமல் வரும். “படிப்பு வந்துடும்மா, நாலு பேரோட பழகுறது வருமா?” என்பார் மாமியார். தெருவில் மாலை நேரக் கிரிக்கெட்டும், நூலகத்தில் கிடைத்த நட்பும் உண்டு என்று பதில் சொல்வேன். இருந்தாலும், பள்ளி தரும் ஒன்றை எங்களால் தர முடியவில்லை. நாமே தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு, ஒரே பெஞ்சில், ஆண்டு முழுவதும் அமர்ந்திருக்கும் அனுபவம் அது. வீட்டில் எங்கள் பிள்ளைகள் சந்திப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களே. சாதியாலும் வருவாயாலும் பிரிந்து கிடக்கும் ஊரில் இது சிறிய இழப்பு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 86-ஆவது திருத்தம் 2002-இல் நிறைவேறியது. அது சேர்த்த 21ஏ பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம் சேர்த்த 51ஏ பிரிவின் புதிய உட்பிரிவு, பிள்ளைகளுக்குக் கல்வி பெறும் வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை என்கிறது. ‘கல்வி வாய்ப்பு’ என்றுதான் அங்கே சொல் வருகிறது. ‘பள்ளி’ என்று அல்ல.

ஆனால், 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இன்னும் குறிப்பாகப் பேசுகிறது. அதன் 10-ஆவது பிரிவின்படி, தம் பிள்ளையை அருகமைப் பள்ளியில் தொடக்கக் கல்விக்குச் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை. இந்தக் கடமையை மீறும் பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. அதே வேளையில், அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகவே, என் பிள்ளைகளை நான் வீட்டில் படிக்கவைத்தால் ஒரு கடமையிலிருந்து தவறுகிறேன். அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து முறையாக வகுப்பு நடத்தினால் சட்டவிரோதப் பள்ளி நடத்துபவளாகிவிடக்கூடும்.

இந்தத் தெளிவின்மை நீதிமன்றம் வரை சென்றது. 2012-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த ஒரு வழக்கில், விரும்பும் பெற்றோர் வீட்டுவழிக் கல்வியைத் தொடரலாம், கல்வி உரிமைச் சட்டம் அதற்குக் குறுக்கே வராது என்ற பொருளில் மத்திய அரசு முதலில் பதில் தந்தது; பின்னர் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. தடையும் இல்லை, அனுமதியும் இல்லை என்ற இந்த நிலையில்தான் இந்தியாவில் வீட்டுவழிக் கல்வி நடக்கிறது.

நடைமுறையில் வழிகள் அடைபட்டிருக்கவில்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைவடைந்தவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேர்ச்சி பெற்று, பதினான்கரை வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் எழுதலாம். அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சியில் சேர்ந்து வருகை தர வேண்டும். மற்றொரு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கிய இந்த நிறுவனத்தில், பதினான்கு வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு. ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதக் கூடாது என்று முன்பு இருந்த தடையை 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது.

அதாவது, பன்னிரண்டரை வயதுக்குப் பின் அரசு இந்தப் பிள்ளைகளை ஏற்கிறது. ஆறு வயது முதல் அதுவரையிலான ஆண்டுகளில் அவர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

வீடும் பள்ளியும்: பழைய கணக்கு

வீட்டில் படிப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கல்வி நிலை குறித்து மாவட்டந்தோறும் கணக்குக் கேட்டார். சென்னையிலிருந்து வந்த அறிக்கை, பள்ளிகளில் பயில்வோரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கினர் வீடுகளில் பயில்வதாகச் சொன்னது. அந்த எண்ணிக்கையில் பிழை இருக்கக்கூடும் என்று மன்றோவே ஐயுற்றார். பிழையோ இல்லையோ, அந்தக் கணக்கில் இடம்பெற்ற பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். வீடு தன் விருப்பப்படி கற்பித்த காலத்தில், எந்தப் பிள்ளைக்குக் கற்பிப்பது என்பதையும் வீடேதான் முடிவு செய்தது. வீட்டில் ஆண் பிள்ளைக்கு எழுத்தும் பெண் பிள்ளைக்கு அடுப்பும் கிடைத்தன. ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் வீடுகளுக்கு அந்தக் கல்வி எட்டவே இல்லை.

அந்த அநீதியை உடைத்தது பொதுப்பள்ளி. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு என்று தமிழ்நாடு பள்ளியின் வாசலுக்குப் பிள்ளைகளை அழைத்துவந்த கதை நீளமானது. இந்த மாநிலத்தில் பள்ளி பாடத்தோடு சோற்றையும், பாதுகாப்பையும், பெண் பிள்ளையின் திருமணத்தைத் தள்ளிப்போடும் காரணத்தையும் தந்திருக்கிறது. ‘எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கு வர வேண்டும்’ என்ற விதியில் ஒரு துளை விழுந்தால், அதன் வழியே முதலில் நழுவுவது என் மகள் அல்ல. மெக்கானிக் ஷெட்டில் இருக்கும் அந்தச் சிறுவன்தான். ஆசிரியர் பயிற்றுநர் கேட்ட கேள்வியின் நியாயம் இதுவே.

பிற நாடுகள் இந்தச் சிக்கலை வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. ஜெர்மனி பள்ளி வருகையைக் கட்டாயமாக்கி, வீட்டுவழிக் கல்வியைத் தடுக்கிறது. அதை எதிர்த்த ஒரு குடும்பத்தின் வழக்கை 2019-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளியிலோ வேறு வழியிலோ தகுந்த கல்வி கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் அனுமதி உண்டு; ஆனால், கண்காணிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது. சில மாநிலங்களில் பெற்றோர் எவருக்கும் தகவல்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரம் பெற்றோருக்கு வசதிதான். துன்புறுத்தப்படும் ஒரு குழந்தைக்கு அது பாதுகாப்பாக இருக்குமா?

என்ன செய்யலாம்?

வீட்டுவழிக் கல்விக்கு உரிமை கேட்கும் பெற்றோர் பலர் ‘எங்களை விட்டுவிடுங்கள்’ என்கிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் எண்ணினேன். இப்போது நான் கேட்பது வேறு: எங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் பதிவை வைத்திருப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கும் அது பொருந்தும். அந்தப் பதிவில் ‘வீட்டில் படிப்பவர்’ என்று ஓர் இடம் இருக்கட்டும். விரும்பும் பெற்றோர் ஆண்டுதோறும் வட்டாரக் கல்வி அலுவலரிடம் பதிவு செய்யட்டும். யார் கற்பிக்கிறார், எதைக் கற்பிக்கிறார் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆசிரியர் குழந்தையைத் தனியே சந்தித்துப் பேசட்டும். வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உனக்குப் பள்ளிக்குப் போக விருப்பமா?’ என்று அந்தக் குழந்தையிடம் கேட்கட்டும். ஆம் என்றால், பெற்றோரின் கொள்கை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், என் மகளின் பின்னக் கணக்கு ஈராண்டு முன்பே வெளிப்பட்டிருக்கும். ஆசிரியர் பயிற்றுநரிடமும் ஒரு பதில் இருந்திருக்கும். ‘அந்த வீட்டுப் பிள்ளை படிக்கிறது, நான் பார்த்திருக்கிறேன், பதிவும் இருக்கிறது. உங்கள் பிள்ளை படிக்கவில்லை. வேலை செய்கிறது’ என்று அந்தத் தந்தையிடம் அவர் சொல்லியிருக்கலாம். எவரும் கண்காணிக்காத ஒன்றைச் சலுகை என்றுதான் சொல்ல முடியும். அந்தச் சலுகை எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பதிவேடே காட்டினால், ஒருவருக்குத் தரும் விலக்கு மற்றவருக்குச் சாக்காக மாறாது.

இந்த ஆண்டு என் மகளுக்குப் பன்னிரண்டரை வயது நிறைவடைகிறது. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழை எடுத்துவைத்திருக்கிறோம். அவள் என்ன நினைக்கிறாள் என்று முதன்முறையாக முறைப்படி உட்கார்ந்து கேட்டேன். தேர்வு எழுதுவதாகவும், அதன்பின் ஒன்பதாம் வகுப்பை அருகிலுள்ள அரசுப் பள்ளியில் படிக்க விரும்புவதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, “அங்கே லேப் இருக்கும்மா, அப்புறம், உன்னைத் தவிர வேற யாராவது எனக்குப் பாடம் நடத்தணும்” என்றாள். தம்பி வீட்டிலேயே இருக்கப்போவதாகச் சொல்கிறான். அடுத்த ஆண்டும் அவனிடம் கேட்போம்.

மே மாதத்தில் அந்த ஆசிரியர் பயிற்றுநர் மீண்டும் வருவார். இந்த முறை அவர் கேட்பதற்கு முன்பே நான் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: அந்த மெக்கானிக் ஷெட் சிறுவன் பள்ளியில் சேர்ந்துவிட்டானா?